முதல் ரிமோட் ஹெலிகாப்டருக்கு 3 சேனலே போதும்

ரிமோட்டில் ஓட்டும் பொம்மை ஹெலிகாப்டர் வாங்குவது பற்றிய ஒரு கட்டுரையில், சேனல் (ரிமோட்டில் தனித்தனியாகக் கட்டுப்படுத்தும் ஒவ்வொரு அசைவும் ஒரு சேனல்) கூடக் கூட ஹெலிகாப்டர் நல்லது என்று இருக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இது பொருந்தாது. 6 சேனல் மாடலில் விசிறி இறக்கையின் கோணமும் நம் கையில்தான். ஒரு நொடி தவறினால் தரையில் கிடக்கும். முதல் முறை வாங்குகிறவர்கள், ஒரே தண்டில் இரண்டு விசிறிகள் மேலும் கீழுமாக இருக்கும் 3 சேனல் கோஆக்சியல் மாடலை எடுங்கள். அவை எதிரெதிர்த் திசையில் சுற்றுவதால் உடற்பகுதி தானாகச் சுழலாது. கூடவே, உடல் திரும்புவதை உணர்ந்து சரிசெய்யும் கைரோவும் இருந்தால் மூக்கு அலையாமல் நிற்கும்.

அப்புறம், ரிமோட் அகச்சிவப்பா, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவா என்று பாருங்கள். அகச்சிவப்பு என்றால் வெயிலில் சிக்னல் விட்டுப்போகும்.

என் மகள் முதல் நாள் பயந்து பயந்து தரையை ஒட்டியே தூக்கினாள். விசிறிக் காற்று தரையில் மோதித் திரும்பி, ஹெலிகாப்டர் இப்படியும் அப்படியும் வழுக்கிக்கொண்டே இருந்தது. "தயங்காமல் இடுப்பு உயரத்துக்கு ஏற்றும்மா" என்றேன். மேலே போனதும் அடங்கிவிட்டது, அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

கொஞ்ச நாள் வால் நம் பக்கம் இருக்கும்படியே ஓட்டுங்கள். மூக்கு நம்மைப் பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும், அதில்தான் பலரும் தடுமாறுவார்கள். எதிலாவது மோதப் போகிறது என்று தெரிந்தால் உடனே த்ராட்டிலை (விசிறி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) முழுவதும் இறக்கிவிடுங்கள், பல்சக்கரங்கள் தப்பிக்கும். இறக்கை எப்படியும் ஒருநாள் உடையும். தனியாக இறக்கை கிடைக்காத மாடல், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.