அடுத்தவர் பாட்டைப் பாடினால் என்ன குறைந்துவிட்டது?

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பதிவுக்குக் கீழே சிரிப்பு எமோஜிகள் ஏற ஏறப் பேசாமல் இருக்க முடியவில்லை. எந்தப் பதிவு என்று உங்களுக்குத் தெரியும், உங்களில் பலர் அதற்கு லைக்கும் போட்டிருக்கிறீர்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழு பழைய ப்ளூஸ் பாட்டுகளைப் பாடி 2016ல் வெளியிட்ட 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பம் பற்றி நான் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு, "சரக்கு தீர்ந்துபோன கிழவர்கள் அடுத்தவன் பாட்டைப் பாடினால் அதற்கும் ஒரு கூட்டம்" என்று எழுதியிருக்கிறார் நண்பர். என் பெயரை மறைத்திருக்கிறார். ஆனால் கீழே என்னை டேக் செய்தே கேலி செய்கிறார்கள்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். அடுத்தவர் பாட்டைப் பாடுவது மட்டமான வேலை இல்லை. அதுவும் அமெரிக்கக் கறுப்பர்களின் இசையான ப்ளூஸில் இல்லவே இல்லை.

அந்த ஆல்பம் எப்படி உருவானது என்றாவது தெரிந்துகொண்டு எழுதியிருக்கலாம். 2015 டிசம்பரில் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் க்ரோவ் ஸ்டுடியோவுக்குள் அவர்கள் போனது புதுப் பாட்டுகளைப் பதிவு செய்யத்தான். கை பழகுவதற்காக ப்ளூஸ் கலைஞர் லிட்டில் வால்டரின் பழைய பாட்டு ஒன்றை வாசித்தார்கள். அது நன்றாக வந்துவிட்டது. அடுத்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூன்று நாளில் 12 பாட்டு. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, சேர்ந்து வாசித்தது. பிற்பாடு ஒட்டுப் போடவில்லை. பக்கத்து ஸ்டுடியோவில் தன் வேலையாக இருந்த எரிக் கிளாப்டன் வந்து இரண்டு பாட்டுக்கு கிட்டார் வாசித்துவிட்டுப் போனார். அப்போது குழுவின் பாடகர் மிக் ஜாகருக்கு 72 வயது, டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸுக்கு 74.

"மூன்று நாளில் முடித்தது சோம்பேறித்தனம்" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாசித்துப் பழகிய கைக்குத்தான் மூன்று நாள் போதும். இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

முதலில், அந்த இசைக்குழுவுக்குப் பெயரே சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் பாட்டிலிருந்து வந்தது. 1961ல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில், பின்னாளில் குழுவின் கிட்டார் கலைஞரான கீத் ரிச்சர்ட்ஸ் ஜாகரைப் பார்த்துப் பேசக் காரணமே ஜாகர் கையில் இருந்த சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள்தான். 1964ல் சிகாகோவுக்குப் போனதும் மிச்சிகன் அவென்யூவில், ப்ளூஸ் கலைஞர்கள் பதிவு செய்துவந்த செஸ் ஸ்டுடியோவில் போய்ப் பாட்டுப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் வில்லி டிக்ஸன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடிய 'லிட்டில் ரெட் ரூஸ்டர்' பாட்டை, வேகம் கூட்டாமல், மெருகு போடாமல் பாடி பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு ஜாகருக்கு 21 வயது. சரக்கு தீர்ந்துபோகிற வயதா அது? பிறர் பாட்டைப் பாடித்தான் தொடங்கினார்கள், 2015லும் அதைத்தான் செய்தார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

நம் ஊரில் இதைப் புரியவைக்க நான் இவ்வளவு பாடுபட வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆறவில்லை. தியாகராஜர் 1847ல் காலமானார். இன்றைக்கும் மேடை ஏறும் ஒவ்வொரு பாடகரும் அவர் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். "சொந்தமாக ஒன்றும் இல்லையா?" என்று சபாவில் எழுந்து யாராவது கேட்கிறார்களா? பாடகரின் குரல், கற்பனை, அந்தப் பாட்டோடு அவர் வாழ்ந்த காலம் இவற்றைத்தானே கேட்கிறோம். அதே காதை வைத்துக்கொண்டு இந்த ஆல்பத்தில் உள்ள 'லிட்டில் ரெய்ன்' கேளுங்கள். ப்ளூஸ் பாடகர் ஜிம்மி ரீடின் பாட்டு. எதுவும் முந்திக்கொண்டு ஓடாது. மௌத் ஆர்கனை மைக்கோடு சேர்த்துக் கைக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயர் வழியாக ஊதும் முறையை லிட்டில் வால்டர் பெரிதாக வளர்த்தெடுத்தார். ஆல்பத்தில் வரும் 'ஹேட் டு ஸீ யூ கோ'வில் ஜாகர் ஊதுவதைக் கேட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று தெரியும். மேடையில் ஆடிக்கொண்டே இருப்பவர் என்பதால் அவர் எவ்வளவு நல்ல மௌத் ஆர்கன் கலைஞர் என்பதை யாரும் பேசுவதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அண்ணன் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, எங்கே கூப்பிட்டாலும் போவான். இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டார் பகுதியைக் கேஸட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதாலேயே பிடிப்பான். ராத்திரி ஒரு மணிக்கும் அந்தச் சத்தம் கேட்கும். ஒரு கல்யாணத்தில் பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, "சினிமாக்காரன் போட்ட பாட்டைத்தானே வாசிச்சீங்க, இதுக்கு எதுக்கு முழுப் பணம்?" என்று கேட்டார் பெண்ணின் மாமா. அண்ணன் எதுவும் பேசாமல் கிட்டாரை உறையில் போட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். நண்பரே, உங்கள் வரியைப் படித்ததும் அந்த மாமாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. வாசிப்பவன் உழைப்பு உங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

சரி, கமெண்டில் ஒரு தங்கை கேட்ட கேள்விக்கு வருகிறேன். "கறுப்பர்களின் இசையை எடுத்து வெள்ளையர்கள் பணக்காரர் ஆனதை மரியாதை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இது நியாயமான கேள்வி. லிட்டில் வால்டர் 1968ல் 37 வயதில் செத்துப்போனார். இன்னொரு ப்ளூஸ் கலைஞர் மேஜிக் சாம் அடுத்த வருஷம் 32 வயதில் போனார். இங்கிலாந்துப் பையன்கள் விமானத்தில் பறந்ததையும் இவர்கள் வாழ்ந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசு வலிக்கத்தான் செய்யும். வில்லி டிக்ஸன் தன் வரிகளுக்காக லெட் செப்பலின் என்ற இங்கிலாந்து ராக் குழு மேல் வழக்குப் போட வேண்டி வந்தது. ஸ்டோன்ஸும் சுத்தம் இல்லை. 1969 ஆல்பத்தில் பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் 'லவ் இன் வெய்ன்' பாட்டுக்கு அவர் பெயரைப் போடவில்லை. அது தப்பு, நான் மறைக்கவில்லை.

ஆனால் தங்கச்சி, 1965ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஷின்டிக்' நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது, ஹவ்லின் வுல்ஃபையும் பாட வைக்க வேண்டும் என்று நின்றவர்களும் இவர்கள்தான். அந்த வீடியோவைப் பாருங்கள். அவ்வளவு பெரிய மனிதர் நின்று பாடுகிறார், இவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். 1981ல் சிகாகோவில் செக்கர்போர்ட் லௌஞ்ச் என்ற சின்ன கிளப்புக்குப் போய் மடி வாட்டர்ஸோடு சேர்ந்து பாடினார்கள். 2016 ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் இருக்கிறது. எடி டெய்லர், லைட்னின் ஸ்லிம் என்ற பெயர்களை நான் தேடிப் போனதே அதைப் பார்த்துத்தான். எடுத்தவர்கள் இவர்கள் மட்டும் இல்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று கைகாட்டியவர்கள்தான் குறைவு.

"லண்டன்காரனுக்காக நீ ஏன் குதிக்கிறாய்" என்று கேட்கிறவர்களே, எனக்குப் பிடித்ததற்காக நான் குதிப்பேன். உங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியில் எல்லாம் வயதில்தான் வந்து நிற்கிறது. கிழவர்கள், கிழவர்கள், கிழவர்கள். அந்தப் பதிவில் இசையைப் பற்றி ஒரு வரி இல்லை. மடி வாட்டர்ஸ் 1983ல் சாகிறவரை ப்ளூஸ் பாடியவர்தான். வயதானால் ஒதுங்கிப்போக வேண்டும் என்று ப்ளூஸில் யாரும் சொன்னதில்லை. சார்லி வாட்ஸ் 2021ல் இறந்தார். அவர் உயிரோடு இருக்கும்போது வெளிவந்த கடைசி ஸ்டூடியோ ஆல்பம் இதுதான், நீங்கள் கேட்காமலே கேலி செய்த இதே ஆல்பம். 2018ல் இதற்குப் பாரம்பரிய ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. விருதைக் காட்டி வாதாட எனக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். 2023ல் புதுப் பாட்டுகளோடு ஆல்பம் போட்டார்கள். சரக்கு தீரவில்லை. அதன் கடைசிப் பாட்டாக ஜாகரும் ரிச்சர்ட்ஸும் மட்டும் உட்கார்ந்து, தங்களுக்குப் பெயர் தந்த மடி வாட்டர்ஸ் பாட்டை வாசித்தார்கள். அதுவும் அடுத்தவர் பாட்டுதான்.

நண்பர் பதிவை எடுக்க வேண்டாம். என் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று இன்பாக்ஸில் கேட்டிருக்கிறேன், பார்த்திருக்கிறார், பதில் இல்லை. இசையைப் பற்றிக் கேட்பவர்கள் கமெண்டில் கேளுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன். வயதைக் கேலி செய்து வரும் கமெண்டுகளை அழித்துவிடுவேன்.