சாரல் சாய்ந்து பெய்ததாம்!

"சாரல் சாஞ்சு பெஞ்சிட்டுக்கா. அதுக்கு ஷெட்டு என்ன செய்யும்?"

வீட்டுக்குப் பின்னால் போட்ட தகர ஷெட் ஒழுகுகிறதே என்று கேட்டதற்கு வந்த பதில் இது. கேட்டீர்களா நியாயத்தை? சொன்னவர் வெளியூர் ஆள் இல்லை. செங்கோட்டையிலேயே பிறந்து, செங்கோட்டையிலேயே வெல்டிங் பட்டறை போட்டு, இந்த ஊர்க் காற்றிலேயே வளர்ந்தவர். இந்த ஊரில் சாரல் என்றைக்கு ஐயா நேராகப் பெய்தது? ஆனி பிறந்தால் ஆரியங்காவு கணவாய் வழியாகப் புறப்படுகிற காற்று ஆவணி வரைக்கும் ஓய்வதில்லை. அதை நம்பித்தான் கிழக்கே அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள்கூட பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநிமிஷம் குடையை மேற்கே சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஷெட் போடுகிறவருக்கு மட்டும் இது புதுச் செய்தி.

நனைந்தது கொலுப் பொம்மைப் பெட்டி. என் அத்தை, அதாவது மாமியார், கல்யாணம் ஆகி வரும்போது கொண்டுவந்த தசாவதார செட்டு. காகிதக் கூழ் பொம்மை. பெட்டியைத் திறந்து பார்க்கிறேன், வாமனருக்குக் குடை கரைந்துபோய் வெறும் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மழைக்குக் குடையே கரைந்த கதையை வேறு எங்காவது கேள்விப்பட்டதுண்டா? பரசுராமர் கோடரியைப் பறிகொடுத்துவிட்டார். மச்சமும் கூர்மமும் மட்டும் திருப்தியாக இருக்கிறார்கள். அவர்களுக்கென்ன, தண்ணீர் பழக்கம்.

"குறைஞ்ச பட்ஜெட்டுல கச்சிதமா ஒரு ஷெட்டு" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். இந்த வார்த்தையை நம்பி வீட்டுக்குப் பின்னால் தகரம் மேய்ந்தவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள்.

சதுர அடிக்கு இவ்வளவு என்பார்கள். சரி என்போம். அப்புறம் கதவு அதில் சேராது. முகட்டுத் தகடு சேராது. கீழே சிமெண்ட் தளம் நம்ம பொறுப்பு. தூணுக்குக் குழி தோண்ட ஆள் கூலி தனி. பெயிண்ட் கேட்டால், "அது பார்த்துப் பண்ணிக்கலாம்க்கா." அப்படியானால் சதுர அடிக்குச் சொன்ன விலையில் என்னதான் சேர்ந்திருக்கிறது? சதுரமா, அடியா?

இதில் கேஜ் என்று ஒரு மாயம் இருக்கிறது. இரும்புக் குழாய்க்கும் தகட்டுக்கும் கேஜ் நம்பர் ஏற ஏறக் கனம் குறையும். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர். 18 என்றால் சுமார் 1.2 தான். நம்ம ஆள் வந்து எங்க வீட்டுக்காரரிடம் சொல்கிறார்: "அண்ணாச்சி, மத்தவன்லாம் 16தான் போடுவான். நான் உங்களுக்கு 18 போட்டிருக்கேன்." இவரும் மெச்சிப்போய், "ரெண்டு கேஜ் கூடவே போட்டிருக்கான், நல்ல பையன்" என்று காபி வேறு போடச் சொன்னார். அந்த நல்ல பையனுக்கு நானும் ஆற்றிக் கொடுத்தேன். கலர் ஷீட்டிலும் இதே கூத்து. 0.50 மில்லிமீட்டர் என்று பேசி 0.35 இறக்கினால் கீழே நின்று பார்க்கிற யாருக்குத் தெரியும்? காற்றடிக்கும்போது படபடவென்று தட்டுகிற சத்தத்தில்தான் தெரியும். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு.

இடத்தையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, வாஸ்து தேர்ந்தெடுத்தது. கன்னி மூலையில் பாரம் இருக்க வேண்டுமாம். கன்னி மூலை என்றால் தென்மேற்கு. தென்மேற்குப் பருவக்காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று கேட்டேன். வீட்டில் அன்றைக்கு யாரும் என்னோடு பேசவில்லை.

இப்போது, பட்டறைக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போன வைபவத்துக்கு வருகிறேன். இதைச் சுருக்கிச் சொன்னால் என் வயிற்றெரிச்சல் அடங்காது.

போன் போட்டேன். "இந்தா வந்துட்டேன்க்கா, புளியரையில நிக்கேன், லாரி லைன்ல மாட்டிக்கிட்டேன்." மறுநாளும் போட்டேன். அப்போதும் கேரள எல்லையில் இருக்கிற அதே புளியரை. ஆள் அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, கையாள் பையன் ஒருவனோடு பைக்கில் வந்து இறங்கினார். ஏணி இல்லை.

"அக்கா, ஏணி இருக்கா?"

இருக்கிறது தம்பி. ஷெட்டுக்குள்ளே இருக்கிறது. ஷெட்டின் கடைசிச் சுவரை ஒட்டி, நாத்தனார் வீட்டுக் கட்டில், வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ், ஓடாத கிரைண்டர், கல்யாண அண்டா, என் மகனின் செயின் இல்லாத சைக்கிள் இத்தனைக்கும் பின்னால் இருக்கிறது. காரை நிறுத்தத்தான் ஷெட் போட்டோம். கார் வாசலில் நனைகிறது, அது வேறு கதை. சாரலில் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டோம். ஷெட்டில் ஒழுகுவதைப் பார்ப்பதற்காக, ஒழுகியும் நனையாமல் தப்பித்திருந்த சாமான் எல்லாம் நனைந்தது.

ஏறினார். தகரத்தைத் தட்டினார். தடவினார். தெற்கே பார்த்தார், மலையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேக்கா" என்றார். பிறகு ஒரு பக்கெட் தண்ணீர் கேட்டார். மழை பெய்துகொண்டிருக்கிறது! மேலே நின்றபடி அந்தத் தண்ணீரை நெட்டுக்குத்தாக, நிதானமாக, சாமிக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி ஊற்றிவிட்டு, கீழே குனிந்து, "பாருங்க, ஒரு சொட்டு விழலை" என்றார். பையனும் தலையாட்டினான். சாட்சி!

"தம்பி, மழை பக்கெட்டுல வராது. மேக்க நின்னு வீசி அடிங்க."

சிரித்தார். "அப்படி அடிச்சா எந்த ஷெட்டும் ஒழுகும்க்கா."

அந்த இடத்தில்தான் நானே ஏணியில் ஏறினேன். சேலையைச் செருகிக்கொண்டு ஏறிப் பார்த்தால், ஸ்க்ரூ அத்தனையும் பள்ளத்தில். உங்கள் வீட்டிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷீட்டில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். தண்ணீர் ஓடுவது பள்ளத்தில். அதனால் கூரை ஸ்க்ரூவை மேட்டில் அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் குழாயோடு சுலபமாகக் கடித்துக்கொள்ளும், வேலை சீக்கிரம் முடியும், இவர் புளியரைக்குப் போகலாம். போதாக்குறைக்கு டிரில்லை முழு வேகத்தில் வைத்து இறுக்கியதில் ரப்பர் வாஷர் எல்லாம் பிதுங்கிக் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்குகிறது. சும்மா விரலால் தொட்டேன், பாதி கையோடு வந்துவிட்டது. ஓட்டையை அடைக்க வேண்டிய சாமான் அது.

அடுத்தது ஷீட் மேல் ஷீட் ஏறுகிற விளிம்பு. காற்று மேற்கிலிருந்து வந்தால், கிழக்கு ஓரத்தில் முதல் ஷீட்டைப் போட்டு, அதன்மேல் ஏற்றி ஏற்றி மேற்கே வர வேண்டும். அப்போதுதான் திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகைக் காட்டும். இவர் மேற்கில் ஆரம்பித்துக் கிழக்கே போயிருக்கிறார். ஒவ்வொரு விளிம்பும் கணவாயைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருக்கிறது. ஏன் தம்பி இப்படி என்றேன்.

"லோடு வண்டி அந்தப் பக்கம் நின்னுச்சுல்லா."

லோடு வண்டி நின்ற பக்கம்! தென்மேற்குப் பருவக்காற்று இனிமேல் லோடு வண்டியைக் கேட்டுக்கொண்டு வீச வேண்டும்.

வெல்டிங் வைத்த இடமெல்லாம் துரு. ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், சுரண்டி எடுத்துவிட்டு பிரைமர் அடிக்க வேண்டும். இவர் கரியின் மேலேயே சில்வர் பெயிண்டைத் தடவியிருக்கிறார். ஷீட்டின் மேல் உட்கார்ந்து கிரைண்டரில் வெட்டியதில் தெறித்த இரும்புப் பொறி அங்கங்கே ஒட்டி, பழுப்புப் புள்ளி புள்ளியாக ஆகிவிட்டது. "அது டிசைன் மாதிரி இருக்குல்லா" என்கிறான் பையன். குருவை மிஞ்சிய சிஷ்யன்.

தை மாதம் ஒரு பஞ்சாயத்து நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். மழையே கிடையாது, காலையில் திறந்தால் மேலேயிருந்து சொட்டுகிறது. ராத்திரியில் தகரம் குளிர்ந்ததும் உள்ளே அடைபட்ட ஈரக் காற்று அதன் அடிப்பக்கம் வேர்த்து விழுகிறது. கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் விட்டு வலை அடித்திருந்தால் காற்றாடியிருக்கும். தளம் போடும்போது அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு விரித்திருந்தால் தரை ஈரமும் ஏறாது. இவர் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டார். அடைத்த அடைப்பில் சாரல் மட்டும் எப்படிப் புகுந்தது என்பது சித்தர்களுக்குத்தான் வெளிச்சம். சித்திரை வந்தால் உள்ளே போய் நிற்க முடியாது. மெழுகுவர்த்திக் கட்டு வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. வற்றல் மட்டும் அருமையாகக் காய்ந்தது, பொய் சொல்லக்கூடாது.

என் தங்கையைப் புனலூரில் கொடுத்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மழை எங்களைவிடப் பல மடங்கு. அங்கே மொட்டை மாடிக்கு மேலேயே இரும்புச் சட்டம் அடித்து, நல்ல சரிவாக ஷீட் போட்டு, விளிம்பை வெளியே நீட்டி, தண்ணீர் ஓடக் குழாயும் வைத்துவிடுகிறார்கள். துணி காய்வதும் தேங்காய் குவிப்பதும் அதற்குக் கீழேதான். இந்த ஊரும் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்தானே? எங்கள் தாத்தா வீட்டு ஓடு அதே சரிவுதான். மச்சில்தான் எல்லாச் சாமானும் கிடக்கும், ஒரு நாளும் நனைந்ததில்லை. அதை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டோம், மச்சு போயிற்று. மச்சுக்குப் பதிலாகத்தான் இந்தத் தகரம்.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். பையில் துழாவி சிலிகான் டியூப் ஒன்றை எடுத்தார். ஈரத்தின் மேல் ஒட்டாது, காய்ந்த பிறகு அடிக்க வேண்டும் என்று அந்த டியூபிலேயே போட்டிருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கிறது என்று முன்னமே சொன்னேன், இல்லையா? பையன் தன் சட்டைக் கையால் தகரத்தைத் துடைக்கிறான், இவர் பிதுக்குகிறார், சாரல் விழுகிறது, பையன் மறுபடி துடைக்கிறான், பிதுக்கியது சட்டையில் வருகிறது. இப்படியே டியூப் தீர்ந்தது. இப்போது உலகத்திலேயே ஒழுகாத பொருள் அந்தப் பையனின் சட்டைதான்.

இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப யோசித்து ஒரு தீர்வு சொன்னார்.

"அக்கா, ஒண்ணு செய்வோம். இதுக்கு மேல இன்னொரு ஷெட்டு போட்டுருவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வந்த சிரிப்பு இல்லை, நிஜமாகவே வந்தது. ஷெட் நனையாமல் இருக்க ஒரு ஷெட். அது ஒழுகினால் அதற்கு மேலே ஒன்று. சதுர அடிக் கணக்கில் போனால் மேக்கரை மலை உயரத்துக்குக் கட்டிவிடலாம். அவரும் சேர்ந்து சிரித்தார். "வேணும்னா உங்களுக்காக ரேட்டு கொறச்சுக்கிடுதேன்" என்று வேறு சொன்னார்.

அவர் கிளம்பிய சூட்டோடு சித்தி மகன் போன். வீடு மாறுகிறானாம். "அக்கா, உங்க ஷெட்டுல ஒரு சோபா செட்டு மட்டும் கொஞ்ச நாள் போட்டு வைக்கலாமா?" போடப்பா. தாராளமாகப் போடு. நரசிம்மருக்கு உட்கார இடமில்லாமல் இருக்கிறது.

அந்தப் புளியரை லாரி விஷயத்தையும் விடுகிறதாக இல்லை. கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு கேரளா போகிற அந்த டாரஸ் லாரிகளுக்குக் கேட்பாரே இல்லையா? எஸ் வளைவில் ஒன்று நின்றால் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாது. பைக்கில் பின்னால் போனால் கண்ணில் மண். ஏற்றிய லோடுக்கு மேலே ஒழுங்காக ஒரு தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் என்ன குறைந்துவிடும்? தார்ப்பாய் அப்படி ஒன்றும் வாங்க முடியாத விலை இல்லை. எனக்குத் தெரியும், ஷெட்டின் மேல் போர்த்த நேற்றுத்தான் கடைக்குப் போனேன். கடைக்காரர், "எத்தனை ஜி.எஸ்.எம். வேணும்க்கா?" என்றார். நம்பர் ஏறினால் கனம் ஏறுமா, குறையுமா அண்ணாச்சி என்று கேட்டு, அவர் ஏறும் என்று சொன்ன பிறகும், இரண்டையும் விரித்துக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறந்தேன்.