தொழிலாளியின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கணும்?

அண்ணே, "லெவி (வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டுற வரி) கட்டுறது முதலாளி, அதனால வேலை பெர்மிட் முடியும்வரை தொழிலாளி பாஸ்போர்ட் அவர்கிட்டதான் இருக்கணும், அதுதான் சட்டம்"னு மேலே எழுதியிருக்கீங்க. மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் பலர் இதை நம்புறதால சொல்றேன்: அப்படி ஒரு சட்டம் இல்லை.

மலேசியாவின் 1966 பாஸ்போர்ட் சட்டம், 12ஆம் பிரிவுப்படி, முறையான அதிகாரம் இல்லாம இன்னொருத்தர் பாஸ்போர்ட்டை வச்சிருக்கிறது குற்றம். 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது ரெண்டும். லெவி யார் கட்டினாலும் இது மாறாது. பெர்மிட் புதுப்பிக்க நாமே விரும்பி சில நாள் கொடுக்கிறது வேற.

ஒரு தோட்ட ஆபீஸ் அலமாரியில ரப்பர் வளையம் போட்ட பாஸ்போர்ட் கட்டைப் பார்த்திருக்கேன். அம்மா காரியத்துக்குப் போக முடியாம ஒரு தம்பி அது முன்னால நின்னான். இன்னும் மறக்க முடியல.

சரிபார்க்கிறது சுலபம். இந்தியப் பாஸ்போர்ட்ல அச்சிட்டிருக்கிற குறிப்பைப் படிங்க: அது இந்திய அரசின் சொத்து, உரியவர்கிட்ட அல்லது அவர் அனுமதிச்சவர்கிட்ட இருக்கணும்னு இருக்கும். சட்ட வாசகம் வேணும்னா அந்தச் சட்டத்தோட மலாய் பெயரான "அக்தா பாஸ்போர்ட் 1966" (Akta Pasport 1966)னு தேடி, 12ஆம் பிரிவைப் பாருங்க.