ஒரு வெள்ளம் வந்தால் மணல் திரும்பிவிடுமா?

"எவ்வளவு அள்ளினாலும் சரி, அடுத்த வெள்ளத்தில் காவிரி மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து மணலாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். அப்படி மேலிருந்து உருண்டு வருவதிலும் பெரும்பகுதி 1934 முதல் மேட்டூர் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. பவானியிலும் அமராவதியிலும் இதே கதைதான். மணல் சுமையில்லாமல் மதகைத் தாண்டும் தண்ணீர் சும்மா போகாது, கீழேயுள்ள படுகையையே அரிக்கும்.

வெள்ளம் வடிந்ததும் குழி தூர்ந்திருக்குமே என்பீர்கள். உண்மைதான், பலரும் ஏமாறுவது இங்கேதான். குழியின் மேல்விளிம்பு சரிந்து, அக்கம்பக்கத்துப் பழைய மணல்தான் உள்ளே இறங்கியிருக்கும். அந்தச் சரிவு ஆற்றின் மேல்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அதனால்தான் தோண்டிய இடத்துக்குத் தள்ளியிருக்கும் பாலத்தில்கூடத் தூண்களின் அடித்தளம் வெளியே தெரிகிறது, கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகிறது.