தேவாரத்துக்கு உருப்படியான ஒரு கோப்பு வடிவம் வேண்டும்

வாட்ஸ்அப்பில் சுற்றும் தேவார பிடிஎஃப்களைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது இது. பிடிஎஃப் என்பது அச்சுப் பக்கத்தின் நகல். படிக்கலாம், பிரின்ட் எடுக்கலாம். திருமுறையைக் காப்பாற்றி வைக்க அது போதாது.

மதுரைக்காரர்கள் பலருக்கும் மனப்பாடமான திருநீற்றுப் பதிகத்தையே எடுத்துக்கொள்வோம். பாண்டியனின் வெப்பு நோய் தீரச் சம்பந்தர் பாடியது. புத்தகத்தில் ‘மந்திர மாவது நீறு’ என்று சீர் பிரித்துப் போட்டிருப்பார்கள். ஓதுவதற்கு அதுதான் சரி. பொருள் தேடுகிறவருக்கு ‘மந்திரம் ஆவது நீறு’ என்று பதம் பிரித்துத் தர வேண்டும். அதே பாட்டின் கடைசி அடியில் ‘செந்துவர் வாயுமை பங்கன்’ என்று வருகிறது. போனில் ‘உமை’ என்று தேடிப் பாருங்கள், அகப்படாது. கோப்பில் இருப்பது ‘யுமை’. இரண்டு வடிவமும் ஒரே கோப்பில், அடிக்கு அடி பொருந்தி இருக்க வேண்டும். பதம் பிரிப்பதை மென்பொருளிடம் விட்டுவிடவும் கூடாது. இடம் மாறிப் பிரித்தால் பொருளே மாறிவிடும், தமிழ் படித்தவர் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அப்புறம் வரிசை. பண், அதாவது பழந்தமிழ் ராகம், வாரியாக அடுக்கிய பண்முறைப் பதிப்பில் இந்தப் பதிகம் இரண்டாம் திருமுறையில் 66ஆவது. சம்பந்தர் ஆலவாய் என்னும் மதுரைக்குப் பாடிய மற்ற பதிகங்கள் முதலாம், மூன்றாம் திருமுறைகளில் சிதறிக் கிடக்கும். ஊர் வாரியாக அடுக்கிய தலமுறைப் பதிப்பிலோ எல்லாம் ஒரே இடத்தில். அதனால் 2.66.1 (திருமுறை, பதிகம், பாட்டு) என்பது ‘மந்திர மாவது நீறு’ பாட்டின் மாறாத முகவரியாக இருக்கட்டும். தலமுறை வேண்டுமென்றால் முகவரிகளைக் கோத்த தனிப் பட்டியல் ஒன்று போதும். பைபிள் மொழிபெயர்ப்பாளர்களிடம் யுஎஸ்எஃப்எம் என்று ஒரு வடிவம் உண்டு. வெறும் எழுத்துக் கோப்புதான், அதிகாரமும் வசனமும் தொடங்கும் இடத்தில் சின்னதாக ஒரு குறி. நோட்பேடிலேயே திறக்கும். நமக்கு அடி, சீர், பண் என்று இன்னும் சில குறிகள் தேவைப்படும், அவ்வளவுதான்.

பண்ணை விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இந்தப் பதிகத்தின் பண் காந்தாரம், இன்று நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நகலுக்கு நகல் போகும்போது முதலில் உதிர்ந்துபோவது அந்தத் தலைப்பு வரிதான். பண் ஒவ்வொரு பாட்டோடும் ஒட்டியே வர வேண்டும்.

எழுத்திலும் வில்லங்கம் உண்டு. ‘கௌரி’ என்று சரியாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள், கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து ‘கெளரி’ என்று அடிப்பவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. கோப்பு வடிவத்திலேயே இதற்கு விதி இருக்க வேண்டும்.

தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டம், முன்பு டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறியீட்டில் தந்த நூல்களைப் பிறகு யூனிகோடிலும் தந்தது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்த அந்த உழைப்புக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். அதன் மேல்தான் இதைக் கட்ட முடியும்.

நம் ஊரில் மென்பொருள் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. முதலில் ஆலவாய்ப் பதிகங்களை மட்டும் எடுங்கள். பக்கத்தில் ஓதுவார் ஒருவர் இருக்கட்டும். பாடபேதம் (பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது) வந்தால் ஒன்றை அழிக்காமல், எந்தப் பதிப்பில் எது என்று இரண்டையும் குறித்து வையுங்கள். தட்டச்சுக்கும் பிழை பார்க்கவும் நான் வருகிறேன்.