இருபது சதவீதம் தள்ளுபடி

(மாடுலர் கிச்சன் போட வந்த கொட்டேஷனோடு தம்பி. போன வருஷம் இதே வேலையைச் செய்து நொந்துபோன அக்கா, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.)

தம்பி: கண்ணாடியெல்லாம் எதற்கு அக்கா? கடைசி வரியை மட்டும் பார்த்து, நியாயமான விலைதானா என்று சொன்னால் போதும்.

அக்கா: கடைசி வரியை மட்டும் பார்த்துத்தான் நானும் கையெழுத்துப் போட்டேன். இப்படிக் கொடு.

தம்பி: 20 சதவீதம் தள்ளுபடி வேறு! நான் பேசிய பேச்சில் மனுஷன் மறுபேச்சே பேசவில்லை.

அக்கா: எதற்குப் பேசுவார்? 25 சதவீதம் ஏற்றிவிட்டு 20 தள்ளினால் பழைய விலையிலேயே வந்து நிற்கும், கணக்குப் போட்டுப் பார். சரி, என்ன பலகை?

தம்பி: நல்ல பலகை.

அக்கா: அப்படி ஒரு பலகை எந்த மரக்கடையிலும் இல்லை. ப்ளைவுட்டா, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்.பா, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டா? இவர் 'பிரீமியம் போர்டு' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். சிங்க்குக்குக் கீழே பார்ட்டிகிள் போர்டு வைத்து, அங்கே பைப் கொஞ்சம் கசிந்தாலும் போதும், மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி உப்பிவிடும். 18 மில்லிமீட்டர் பி.டபிள்யூ.பி. ப்ளைவுட் என்று எழுதித் தரச் சொல்லு, கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் பசை விடாத ரகம்.

தம்பி: 18 என்று எங்கேயோ இருந்ததே?

அக்கா: அது மில்லிமீட்டர் இல்லைடா, அடி. அதற்கு அப்புறம் வருகிறேன். இங்கே பார், 'ஹார்ட்வேர் தனி'.

தம்பி: அப்படியென்றால்?

அக்கா: கீல், டிராயர் ஓடுகிற சேனல், கைப்பிடி எதுவும் இந்தத் தொகைக்குள் இல்லை. கதவு வரும், பெட்டியோடு சேர்ந்து நிற்காது.

தம்பி: சாய்த்து வைத்துக்கொண்டால்?

அக்கா: வை. சாஃப்ட் குளோஸ் கீலும் தனியாம்.

தம்பி: அது மெதுவாக மூடும், அவ்வளவுதானே? நாமே மெதுவாக மூடிவிட்டுப் போகிறோம்.

அக்கா: என் வீட்டு டிராயரைப் பார்த்திருக்கிறாயா? பாத்திரங்களை அடுக்கின மறுநாளே முன்பக்கம் தொங்கிவிட்டது, இப்போது முழங்காலால் முட்டுக்கொடுத்து ஒரு தூக்கு தூக்கினால்தான் உள்ளே போகிறது. சேனல் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டிருக்க வேண்டும், நான் கைப்பிடி என்ன கலரில் வரும் என்று அரைமணி நேரம் கேட்டேன். சரி, மேடைக் கல், சிங்க்குக்குக் கல் வெட்டுகிற கூலி, பழையதை உடைத்து அள்ளுவது, பிளம்பிங், பிளக் பாயிண்ட், எதையுமே காணோமே?

தம்பி: இல்லை என்று அவர் எழுதவில்லையே!

அக்கா: இருக்கிறது என்றும் எழுதவில்லையே. வேறு யாரிடமும் கேட்கவில்லையா நீ?

தம்பி: ஒருத்தர் இதைவிட ரொம்ப அதிகமாகச் சொன்னார், வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அக்கா: அதில் கல், கீல் எல்லாம் சேர்த்திருந்ததா?

தம்பி: நாலு பக்கம் அக்கா, யார் படிப்பது?

அக்கா: (பெருமூச்சு) 18 அடிக்கு வருவோம். அடிக்கு இவ்வளவு என்றுதானே ரேட்? உன் சமையலறை எல் வடிவம், ஒரு சுவர் 10, ஒரு சுவர் 8. மூலையில் நிற்கிற பெட்டி 2 அடி ஆழம். அந்த 2 அடியை இந்தச் சுவரிலும் எண்ணி, அந்தச் சுவரிலும் எண்ணியிருக்கிறது. 16 அடிக்குத்தான் காசு கேட்க வேண்டும்.

தம்பி: இல்லாத 2 அடிக்கா? ஒன்பதில் ஒரு பங்கு அக்கா! பகல் கொள்ளை! போனை எடு, இப்போதே நாலு வார்த்தை கேட்கிறேன்.

அக்கா: இருடா. கீழே பொடி எழுத்தில் 'அளவு: வாடிக்கையாளர் கொடுத்தபடி' என்று இருக்கிறதே, யார் கொடுத்தது?

தம்பி: (குரல் இறங்கி) டேப்பைப் பிடித்தது நான்தான்.

அக்கா: வாசல் எந்தச் சுவரில் இருக்கிறது?

தம்பி: 8 அடிச் சுவரில்.

அக்கா: அதைக் கழித்துவிட்டுத்தானே அளந்தாய்?

தம்பி: ...

அக்கா: ஆக, வாசலை அடைத்து அழகாக ஓர் அலமாரி வரப்போகிறது. அதற்குள் நுழைந்துதான் சமைக்கப் போக வேண்டும்.

தம்பி: கதவு இருக்குமில்லையா?

அக்கா: இருக்கும். கீல் தனி.