அசைய மறுக்கும் எடை முள்

இட்லியை எண்ணி, சோற்றை எடை போட்டு, எல்லாவற்றையும் போனில் இருக்கும் கலோரி ஆப்பில் ஏற்றியும் எடை முள் மட்டும் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உடம்பு இளைத்தால் அதற்கு வேண்டிய கலோரியும் குறையுமாம், அதனால் ஆரம்பத்தில் போட்ட கணக்கு இப்போது செல்லாதாம்; கஷ்டப்பட்டுக் குறைத்ததற்கு இதுதான் பரிசா? அப்புறம், ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயே சுமார் 120 கலோரி, அம்மா தோசைக்கல்லைச் சுற்றி விடுவது அந்த ஆப்புக்கு எங்கே தெரியும்! கேட்டால் "ஒரு சொட்டுதான்டா விட்டேன்" என்பார். ஊறுகாய், அப்பளம் என்று உப்பு ஏறிவிட்டால் மறுநாள் உடம்பில் நீர் தங்கி எடை கூடுதலாகக் காட்டும், அது கொழுப்பில்லை என்று தெரிந்தாலும் வயிறு எரிகிறது. இதில் பக்கத்து வீட்டு மாமா வேறு, "காலையில வெந்நீர் குடிப்பா, எல்லாம் தானா கரைஞ்சிடும்" என்கிறார்.